அரைப் படகுக்கு முதலாளி

நீச்சல் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து படகு வாங்கினால் எங்கள் ஊரில் அதற்குக் கொழுப்பு என்று பெயர். வளைகுடாவில் லைஃப்ஸ்டைல் என்று பெயர். அந்தச் சொல் அப்போதுதான் எங்கள் ஆபீஸுக்குள் நுழைந்திருந்தது. அஸ்திவாரமே போடாத கட்டடத்தின் படத்தைப் பார்த்து ஃப்ளாட் புக் பண்ணுகிறவன், ஒரு பந்தைக்கூட அடிக்காமல் கோல்ஃப் தொப்பி மாட்டிக்கொண்டு திரிகிறவன், மூன்று பேர் குடும்பத்துக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்குகிறவன் என்று எல்லோரையும் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. சிரிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேண்டீனில் நான் உட்காரும் மேஜையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள், இன்றைக்கு யாரைத் தோலுரிக்கப் போகிறேன் என்று பார்ப்பதற்காக.

அப்படிப்பட்ட நான்தான் படகு வாங்கினேன். முழுப் படகுகூட இல்லை, பாதிப் படகு.

காரணம் வீட்டில் இருந்தது. நாங்கள் அஜ்மானில் குடியிருந்தோம். வாடகை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. காலையில் இரண்டு மணி நேரம் துபாய்ச் சாலையில் ஊர்ந்து வேலைக்குப் போவேன், சாயங்காலம் அதே சாலையில் ஊர்ந்து திரும்புவேன். மகள் எட்டாம் வகுப்பில் சேர்ந்த ஏப்ரல் மாதம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே என் மனைவி சொன்னாள். "இந்த வருஷம் முடிஞ்சதும் பாப்பாவக் கூட்டிக்கிட்டு கோயமுத்தூருக்கே போயிரலாம்னு தோணுதுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொன்னேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அங்க போயி உங்கண்ணன் வீட்டு மாடியில கோழி வளர்க்கப் போறயா?" என்றேன். அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு ரூமில் மூன்று பேரோடு படுத்து, வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்குப் பேச போன் கார்டு சுரண்டும் ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவனாக ஆவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. அவர்கள் இரண்டு பேரும் போகக் கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தேன். ஏன் போக நினைக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன்.

அவர்களுக்கு போரடிக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். வெள்ளிக்கிழமை ஆனால் மால், மால் விட்டால் கார்னிஷ் என்கிற கடற்கரைச் சாலை, அதை விட்டால் யார் வீட்டிலாவது பிறந்தநாள் கேக். இதற்கு மாற்றாக ஒன்று வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது கம்பெனியில் அளவும் செலவும் கணக்குப் பார்க்கும் எங்கள் குவான்டிடி சர்வேயர் வந்து மாட்டினார்.

அவர் திருச்சிக்காரர், என்னைவிட ஐந்து வயது பெரியவர். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன், மனசுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன். குடும்பத்தை மூன்று வருஷம் முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டு ஷார்ஜாவில் ஒண்டிக்கட்டையாக இருந்தார். அவருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை. கம்பெனியில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்கார மேனேஜர் தன் படகை விற்கப் போவதாகவும், ஆளுக்குப் பாதி போட்டால் நாம் வாங்கலாம் என்றும் சொன்னார். "கார் ஓட்டத் தெரியும்ல தம்பி? அதேதான். ரோடு மட்டும் ஈரமா இருக்கும்" என்றார்.

வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனோம். பதினெட்டு அடி ஃபைபர் படகு, பின்னால் மாட்டிய இன்ஜின், நீல நிற மெத்தை வைத்த இருக்கைகள். பழைய சோபாவை ஒரு பட்டாணியர் விற்றால் அரைமணி நேரம் நின்று, மூன்று தடவை போவது போல் நடித்து, பாதி விலைக்கு வாங்குகிற இரண்டு பேரும் அந்த மனிதரின் அரைக்கால் சட்டைக்கு முன்னால் கை கட்டி நின்றோம். அவர் சொன்ன விலைக்கு "ஓகே சார்" என்று இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது. பல் தெரிய இளித்ததில் யார் முதல் என்று சொல்வது கஷ்டம். அவர் எங்களுக்கு ஒரு ஃபைல் கொடுத்தார். அதில் படகை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று அவரே கைப்பட எழுதிய இருபது பக்கம் இருந்தது. அண்ணன் அதைப் பத்திரமாகத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். நாங்கள் இரண்டு பேரும் அதைத் திறந்து படிக்கவே இல்லை.

காருக்கு இருப்பது போலவே படகுக்கும் முல்கியா என்று ஒரு உரிமை அட்டை உண்டு. அதற்குக் கம்பெனியிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம், டைப்பிங் சென்டரில் அரபியில் விண்ணப்பம், படகைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு நாள் லீவு. அண்ணன் இன்ஸ்பெக்ஷனுக்கு டை கட்டிக்கொண்டு வந்தார். கந்தூரா என்கிற நீள வெள்ளை அங்கி போட்ட ஒரு அரபு இளைஞர் லைஃப் ஜாக்கெட்டை எண்ணினார், தீயணைப்பானைத் தட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, நீந்தத் தெரியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். "லிட்டில் லிட்டில்" என்றார் அண்ணன். காவிரியில் தண்ணீர் வந்த வருஷங்களில் படித்துறையில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு குளித்ததைத்தான் அவர் அப்படிச் சொன்னார். என் விஷயத்தில் அந்த லிட்டிலும் இல்லை. இளைஞர் ஒரு பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினார்.

முதல் வெள்ளிக்கிழமை படகை, கடல் ஊருக்குள் நுழைந்து வரும் அஜ்மான் கிரீக்கில் இறக்கி, கல் சுவர் ஓரமாக நிறுத்தினோம். யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அண்ணனுக்குச் சந்தேகம். சுவரில் இருந்த இரும்பு வளையங்களில் முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, அசையக்கூட முடியாமல் இறுக்கிக் கட்டினோம். மாட்டு வண்டியில் வைக்கோல் கட்டுவது போல நான் காலை உதைத்துக் கட்டினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் கீழே போயிருந்தது, படகு மேலேயே இருந்தது. இரண்டு கயிற்றிலும் தொங்கிக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து, உள்ளே இருந்த நீல மெத்தையையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் சேற்றில் கொட்டியிருந்தது.

பக்கத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு அதை ரசித்துக்கொண்டிருந்தார். ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர், ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர். நாற்பது வயது இருக்கும். "என்ன சார், படகத் தூக்குல போட்டிருக்கிய?" என்றார். "கடல் தண்ணி ஏறும், எறங்கும் சார். கயித்த நீட்டமா விடணும்ல."

என் வேலை என்ன என்று இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கடலோரத் தடுப்புச் சுவர் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். வரைபடத்தில் உயர்ந்த நீர்மட்டம், தாழ்ந்த நீர்மட்டம் என்று இரண்டு கோடு இருக்கும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் உள்ள உயரத்தை வைத்துத்தான் எனக்குச் சம்பளமே. அது நிஜத் தண்ணீருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் வருஷத்துக்கு ஒரு தடவை இறங்கும், அதுவும் கோடையில். ஒரே நாளில் இரண்டு தடவை இறங்கும் தண்ணீரை நான் காகிதத்தில்தான் நம்பினேன்.

மறு வாரம் இன்ஜின் கெட்டது. ஊருக்கு லீவில் போகிறவர்கள் கார் பேட்டரி இறங்காமல் இருக்க நண்பனிடம் சாவியைக் கொடுத்து, தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஞானத்தை அண்ணன் படகில் காட்டினார். தூக்கில் தொங்கிய பிறகு மணலில் ஏற்றி வைத்திருந்த படகின் இன்ஜினை, ஷார்ஜாவிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்து தினமும் பத்து நிமிஷம் ஓட விட்டார். கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் அந்த இன்ஜின் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். உறிஞ்ச மணல்தான் இருந்தது. ராமநாதபுரத்துக்காரர் மூடியைத் திறந்து, கருகிப்போன ரப்பர்ச் சக்கரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அடுத்த நாள் கேண்டீனில் இதைச் சொல்லி எட்டுப் பேரை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தேன். அண்ணன் நாலாவது மேஜையில் தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ராமநாதபுரத்துக்காரர்தான் எங்கள் படகைப் பார்த்துக்கொண்டார். அவர் சொல்லி, கிரீக்கின் ஓரத்தில் மணல் சரிவாக இருந்த இடத்துக்குப் படகை மாற்றினோம். வெள்ளிக்கிழமைதோறும் கொஞ்சம் காசும் வருஷத்துக்கு இரண்டு பழைய சட்டையும் கொடுப்பதாகப் பேச்சு. அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை. என் போனில் அவர் எண்ணை 'போட்' என்று பதிந்துவைத்தேன்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன் குடும்பத்தை ஏற்றினேன். இதுதான் என் துருப்புச் சீட்டு. மனைவி புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்து வந்தாள். மகள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். ஓட்டியது ராமநாதபுரத்துக்காரர். டீசல் வாடையும் மீன் வாடையும் அடிக்கும் மரக்கலங்களுக்கு நடுவே மெதுவாகப் போய், வாய்க்கால் அகலமான இடம் வந்ததும் மகள் காதிலிருந்து ஒயரை எடுத்தாள். ஒரு நீர்க்காகம் முழுகி எங்கே எழுகிறது என்று பார்த்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன், எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

"பாப்பா பிடிக்கட்டும் சார்" என்று ராமநாதபுரத்துக்காரர் ஸ்டீயரிங்கை விட்டு நகர்ந்தார். அவள் பிடித்தாள். நேராகப் போனாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், நன்றாகவே ஓட்டினாள். அப்போது நான் வாயைத் திறந்தேன். "பார்த்தும்மா. உங்கம்மா டிரைவிங் டெஸ்ட் மாதிரி ஆயிரப் போகுது."

என் மனைவி அதற்குள் ஆறு தடவை டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலாகியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் எப்படி ஃபெயிலானாள் என்பது எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் தெரியும். நான் நடித்தே காட்டுவேன். ரவுண்ட் அபவுட்டில் நாலு சுற்றுச் சுற்றியது, போலீஸ்காரர் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டது, எல்லாம். அண்ணன் முன்னாலிருந்து பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ராமநாதபுரத்துக்காரர் சிரிக்கவில்லை. மகள் கையை எடுத்துவிட்டு, "யூ டேக் இட் அங்கிள்" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். மனைவி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். பயணம் வெற்றி என்றுதான் நான் நினைத்தேன்.

ஏழாவது தடவை அவள் பாஸ் பண்ணினாள். எனக்கு ஒரு வாரம் கழித்து, ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த லைசென்ஸைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதையும் கேண்டீனில் சொன்னேன்.

ஜூலையில் அவர்கள் இரண்டு பேரும் லீவுக்குக் கோயமுத்தூர் போனார்கள், ஆகஸ்ட் கடைசியில் திரும்பினார்கள். ஊருக்குப் போய்விடலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு மனைவி எடுக்கவே இல்லை. படகு வேலை செய்துவிட்டது என்று நான் மார் தட்டிக்கொண்டேன்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் அது சனிக்கிழமையில் விழுந்தது. எங்கள் கம்பெனியில் சனிக்கிழமையும் லீவு என்று ஆன புதிது. அண்ணன் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டார். படகுக்குப் பூஜை போடவில்லை, அதனால்தான் தூக்கில் தொங்கியது, அதனால்தான் இன்ஜின் கருகியது என்று காரணம் கண்டுபிடித்தார். காலையில் தண்ணீர் இறங்கியிருந்த நேரத்தில் போனோம். படகு மணலில் உட்கார்ந்திருந்தது. ராமநாதபுரத்துக்காரர் மீன்பிடிக்கப் போயிருந்தார். சோப்புப் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தோம். உள்ளே நின்ற சோப்புத் தண்ணீரை வெளியேற்ற, பின்பக்கம் அடியில் இருக்கும் கட்டைவிரல் அளவு ஓட்டையின் அடைப்பைத் திருகிக் கழற்றினோம். தண்ணீர் ஓடியது.

பிறகு இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. காருக்கு என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கலாம். படகில் சக்கரத்தைத் தேடி அண்ணன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில் படகின் மூக்குக்குக் கீழே மணலில் இரண்டு பழத்தை வைத்தார். நசுக்குவது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

"ஆயுதம்னு எதையாவது பூஜையில வைக்கணுமே தம்பி" என்று யோசித்தார். சாவி இருந்தது. அப்புறம் கையில் அந்த அடைப்பு இருந்தது. பித்தளை. கழுவியதில் லேசாக மின்னியது. மொத்தப் படகிலும் பூஜைச் சாமான் மாதிரி இருந்தது அது ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் புளி வாங்கித் தேய்த்துத் தங்கம் போலப் பளபளக்க வைத்தார். பொட்டு வைத்தார். நான் பக்கத்தில் நின்று அவரை மனசுக்குள் கிழித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓட்டையின் அடைப்பு, ஓட்டை படகில் இருக்கிறது, படகு கடலோரத்தில் இருக்கிறது என்ற மூன்று விஷயத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அடுத்தவனைக் கிண்டல் பண்ணும் மூளைக்கு நேரமில்லை.

ஹாலின் மூலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் மகளின் புத்தகங்களை அடுக்கி வெள்ளை வேஷ்டி போட்டு மூடியிருந்தாள் மனைவி. அதன் மேல் என் கால்குலேட்டர், கார்ச் சாவி, காய் நறுக்கும் கத்தி, படகுச் சாவி. உச்சியில் அந்தப் பித்தளை அடைப்பு. கற்பூரம் காட்டினோம். சுண்டல், வடை, பாயசத்தோடு சாப்பிட்டோம். அண்ணன் சோபாவில் சாய்ந்தார். மூன்று மணி இருக்கும், என் போன் அடித்தது. 'போட்' என்று வந்தது.

"சார், ஒங்க படகு தண்ணி குடிக்குது. அடி அடைப்பு எங்கன வச்சிருக்கிய?"

நான் மூலையைப் பார்த்தேன். அடைப்பு குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

"தம்பி! எடுக்கக் கூடாது!" அண்ணன் துள்ளி எழுந்தார். "பூஜையில வச்சத இன்னைக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலைல மறுபடி பூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"படகு முழுகுதுங்கண்ணா."

"எல்லாம் அவ பாத்துப்பா." படத்தைக் காட்டினார்.

"அவ படிப்புக்குங்கண்ணா. படகுக்கு இல்ல."

நல்ல பதில். எனக்கே பிடித்திருந்தது. அந்த மிதப்பிலேயே அடைப்பை வெடுக்கென்று எடுத்தேன். வேஷ்டியும் சேர்ந்து வந்தது, புத்தக அடுக்கு சரிந்தது. கணக்குப் புத்தகத்துக்கும் அறிவியல் புத்தகத்துக்கும் நடுவிலிருந்து ஒரு தாள் வழுக்கித் தரையில் விழுந்தது.

"அத எடுக்காதீங்க" என்றாள் மனைவி, சமையலறை வாசலிலிருந்து. அடைப்பைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "நீயுமா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து தாளை எடுத்தேன்.

கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் விண்ணப்பம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு. மகளின் புகைப்படம் ஒட்டியிருந்தது. காப்பாளர் என்ற இடத்தில் என் மச்சான் கையெழுத்துப் போட்டிருந்தார். அடியில், இந்தப் பள்ளியில் சேர ஏன் விரும்புகிறாய் என்ற கேள்விக்குக் கீழே என் மகளின் கையெழுத்தில் ஏழெட்டு வரி இருந்தது. முதல் வார்த்தையைப் படிப்பதற்குள் மனைவி வந்து தாளை வாங்கிக்கொண்டாள்.

"எப்ப?" என்றேன்.

"ஜூலைல. அங்க போயிருந்தப்ப நுழைவுப் பரீட்சையும் எழுதிட்டா. பாஸானப்புறந்தான் இந்த ஃபார்ம் குடுத்தாங்க. விஜயதசமியன்னிக்கு அனுப்பலாம்னு வச்சிருந்தோம்."

வச்சிருந்தோம் என்றாள். அந்த 'நாங்கள்' என்பதில் நான் இல்லை. என் மச்சான் இருந்தார், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தாள். நாலு மாதமாக வீட்டுக்குள் மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம். பாஸாகியிருக்கிறாள், அதற்கு வீட்டில் ஒரு லட்டுகூட வாங்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கிண்டல் பண்ணுவீங்க." கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். புத்தகங்களை மறுபடி அடுக்கி, தாளைப் பழைய இடத்தில் செருகி, வேஷ்டியை மூடினாள். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் மறுபடி அடித்தது. அடைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கார்ச் சாவி பூஜையில் இருந்தது. அதையும் எடுத்தேன். அண்ணன் தடுக்கவில்லை, பின்னாலேயே வந்து ஏறினார்.

கிரீக்கில் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. படகின் பின்பக்கம் முழுக உட்கார்ந்திருந்தது. இன்ஜின் தண்ணீருக்குள் போயிருந்தது, நாங்கள் போட்ட மாலை மட்டும் மேலே மிதந்தது. ராமநாதபுரத்துக்காரர் மார்பளவு தண்ணீரில் நின்று, முன்பக்கத்தைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தார். ஓட்டையில் தன் துண்டைக் கிழித்துத் திணித்திருந்தார். நான் அடைப்பை நீட்டினேன். அவர் அதிலிருந்த குங்குமப் பொட்டைப் பார்த்தார், அண்ணன் நெற்றியிலிருந்த விபூதியைப் பார்த்தார்.

"பூசையில வச்சியளா?"

"ஆமா."

"நாங்களும்தான் சார் வருசா வருசம் பூசை போடுறோம். அடைப்பக் கழட்டியா போடுறோம்?" என்றார். "சரி, எறங்கி ஒரு கை பிடிங்க. வேட்டி நனைஞ்சாப் பரவாயில்ல."

எத்தனையோ பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன், அதே கண்ணோடு. அந்தப் பார்வை எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்காவது காரணம் இருந்தது, அவர் துண்டு போய்விட்டது. நாங்கள் இறங்கினோம். இடுப்புத் தண்ணீரிலேயே நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வாளி வாளியாக மொண்டு ஊற்றினோம். படகு ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்தது. இன்ஜின் செத்துவிட்டது என்றார் அவர். நான் அவர் பெயரைக் கேட்டேன். சொல்லிவிட்டு, "இப்ப எதுக்கு சார்?" என்றார்.

அண்ணனை ஷார்ஜாவில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் போகவில்லை. மனைவி சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் சாப்பாட்டு மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். புத்தகங்கள் பூஜையில் இருந்ததால் அன்றைக்குப் படிக்கக் கூடாது.

"என்ன ஆச்சுங்க?" என்றாள் மனைவி.

"இன்ஜின் முழுகிருச்சு."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்து நான் அண்ணனைப் பற்றி, எலுமிச்சம்பழத்தைப் பற்றி, மிதந்த மாலையைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். இத்தனை வருஷமாக அப்படிக் காத்திருந்து காத்திருந்து அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஈர வேட்டியோடு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்த ஃபார்ம்ல, ஏன் அங்க சேரணும்னு எழுதியிருந்தயே பாப்பா. என்ன எழுதின?"

அவள் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"சிரிக்க மாட்டீங்கல்லப்பா?"

"மாட்டேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்டா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அரிசி களையும் சத்தம் நின்றிருந்தது.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள்.